இரண்டும் இடது கால்

"2603, பன்னிரண்டாம் மாதம், 31. இரண்டும் முடிந்தது."

நான் ஜப்பான் மொழி படித்த பாடப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதிவைத்த குறிப்பு இது. 2603 என்பது ஜப்பானியர் கணக்கு. நம் கணக்கில் 1943. ஜப்பானியர் பிடித்திருந்த மலாய் நாட்டில், லிங்கி ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அண்ணனோடும் அண்ணியோடும் இருந்தேன். எனக்குப் பதினேழு வயது. அண்ணிக்கு ஏழாம் மாதம்.

சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்த வருடம். ஜப்பானியரின் புத்தாண்டு முடிந்ததும் லாரி வரும், அதில் அண்ணனும் போக வேண்டும் என்று தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியார் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். சயாமிலிருந்து எப்படியோ தப்பி வந்த ஒருவரை அண்ணன் பக்கத்து ஊரான லுக்குட்டில் பார்த்திருந்தார். பசியைவிட, காய்ச்சலைவிட, காலில் வரும் புண்தான் ஆளைத் தின்கிறது என்றாராம் அவர். மூங்கில் கீறினால் போதுமாம். அதனால் அண்ணனுக்குக் காலுறை பின்ன உட்கார்ந்தேன்.

சிரம்பானில் படித்த பள்ளியில் பின்னல் கற்றிருந்தேன். நூலுக்குத்தான் பஞ்சம். வெள்ளைக்காரத் துரை குடும்பத்தோடு ஓடியபோது, துரைசாணி பாதியில் விட்டுப்போன கம்பளிச் சட்டை ஒன்றை பங்களா சமையல்காரர் எங்களுக்குக் கொடுத்திருந்தார். ஒரு கை இல்லாத அந்தச் சட்டையைப் பிரித்து உருண்டையாகச் சுற்றிக்கொண்டேன். அண்ணன் சைக்கிள் சக்கரக் கம்பிகளை வெட்டி, முனை தேய்த்து ஊசியாக்கித் தந்தார். அடியில் ரப்பர் ஏற்றலாம் என்றது அண்ணி. தோட்டத்தில் பால் வெட்டு நின்று, மரவள்ளி நட்டுக்கொண்டிருந்த காலம். அண்ணியே விடியற்காலையில் போய்ச் சில மரங்களை வெட்டிப் பால் கொண்டுவந்தார். உறைய வைக்கும் அமிலம் சேர்க்காத பச்சைப் பாலில் அடிப்பாகத்தைத் தோய்த்து, அடுப்புக்கு மேலே புகையில் காயவைத்து, மறுபடியும் தோய்த்தோம்.

அண்ணன் அதைப் போட்டு தொழிலாளர் வரிசை வீடுகள் இருந்த எங்கள் லயத்து வாசலில் நடந்து பார்த்த அன்று, தோட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த ஜப்பான் துரை அந்தப் பக்கம் வந்தார். கட்டைவிரலுக்குத் தனி இடம் விட்டுத் தைத்த, ரப்பர் அடி வைத்த துணிச் சப்பாத்துதான் அவர் போடுவது. தோட்டத்துச் சேற்றில் அது நைந்துபோய், கயிறு போட்டுக் கட்டியிருந்தார். குனிந்து அண்ணனின் பாதத்தை விரலால் தட்டிப் பார்த்தார்.

எனக்குத் தெரிந்த மலாயில் உடனே கேட்டுவிட்டேன். கட்டைவிரல் பிரித்து உங்களுக்கும் ஒரு ஜோடி செய்து தருகிறேன், லாரிப் பட்டியலிலிருந்து அண்ணன் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். அண்ணி பின்னாலிருந்து என் பாவாடையைப் பிடித்து இழுத்தார். துரை என்னைப் பார்த்தார், அண்ணியின் வயிற்றைப் பார்த்தார். புத்தாண்டுக் காலையில் கொண்டுவந்தால் பெயரை எடுக்கிறேன், இல்லாவிட்டால் லாரிதான் என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அவர் நின்ற ஈர மண்ணில் ஒரு தடம்தான் தெளிவாகப் பதிந்திருந்தது. அதை அளவெடுத்தேன். அது இடது கால்.

முதலாவதைப் பின்னி, பால் தோய்த்துக் காயவைத்தாயிற்று. இரண்டாவது 31-ஆம் தேதி பிற்பகலில் முடிந்தது. அண்ணி இரண்டையும் கைகளில் மாட்டிப் பார்த்தார்.

"புள்ள, இங்க பாரு. ரெண்டும் எடது காலு."

சாதாரணக் காலுறைக்கு இடம் வலம் கிடையாது. ஒன்றைப் போலவே இன்னொன்றைப் பின்னிப் பழகிய கை, இதையும் அப்படியே பின்னிவிட்டது.

"அந்தாளுக்கும் ரெண்டும் எடது காலா இருந்துட்டா தப்பிச்சேன்" என்றார் அண்ணன். அப்புறம் மெதுவாக, "விடும்மா. போனா போறேன்" என்றார்.

பிரித்துப் பின்ன நேரமில்லை. பால் காயவும் வேண்டும். ஆனாலும் பிரிக்கத்தான் உட்கார்ந்தேன். நூலின் நுனியை உள்பக்கம் செருகி மறைப்பது வழக்கம். அதைத் தேடுவதற்காகக் காலுறையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினேன். திருப்பியதும் என் கையில் இருந்தது வலது கால்.

அண்ணி அதை வாங்கி, முதலாவதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கட்டைவிரல்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றின் மேல்பக்கம் வழவழப்பாகவும் மற்றதன் மேல்பக்கம் முடிச்சு முடிச்சாகவும் இருந்ததுதான் குறை.

"கணுக்கால் வரைக்கும் பால்ல முக்கிடு லா. ரப்பர் ஏறிட்டா உள்ள இருக்கறது எவனுக்குத் தெரியும்?" என்றார் அண்ணி.

இரண்டையுமே முக்கினோம்.

காலையில் துரை அவற்றைப் போட்டுக்கொண்டு கிணற்றடிச் சேற்றுக்குள் போய் அழுத்தி மிதித்தார். வெளியே வந்து, கழற்றி, உள்ளே கைவிட்டுப் பார்த்தார். கை ஈரமில்லாமல் வந்தது. கிராணியாரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். பட்டியலிலிருந்து அண்ணன் பெயர் போயிற்று.

அந்த வாரமே லாரி வந்தது. அதில் தோட்டத்தின் இன்னொரு பகுதியான கீழ் டிவிஷனிலிருந்து ஏற்றிய ஒருவர் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார். அண்ணன் தனக்குப் பின்னிய ஜோடியைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தார். மாசியில் அண்ணிக்குப் பெண் பிறந்தாள். அந்த மனிதர் திரும்பி வரவில்லை.

ஆண்டையும் மாதத்தையும் சரிபார்ப்பது என் பழக்கம். இந்த அனுபவத்தில் மற்ற எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டேன். அவர் முன்பே அந்த லாரிக்கு எழுதப்பட்டவரா, அண்ணனுக்குப் பதிலாக ஏற்றப்பட்டவரா என்பது மட்டும் இன்றுவரை உறுதியாகவில்லை. விசாரித்த இருவர் இரண்டு விதமாகச் சொன்னார்கள். பட்டியல் வைத்திருந்த கிராணியார் போர் முடிந்ததும் ஊருக்குக் கப்பலேறிவிட்டார். அன்று நான் துணிந்து கேட்டது சரி என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை, ஆனாலும் டிசம்பர் கடைசியில் கையிலிருக்கும் பின்னலை முடித்து நூல் நுனியை உள்ளே செருகும்போதெல்லாம், பெயர் தெரியாத அந்த மனிதரின் பாதங்கள் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.