சார்ஜ் ஏறாத போனும் கம்பெனி பஸ்ஸும்

என் மனைவி நிறைமாதமாகக் குடியாத்தத்தில் அவள் அம்மா வீட்டில் இருந்த நேரம் பார்த்து என் போன் சார்ஜ் ஏற மறுத்தது. சனியனே, உனக்கு வேறு நேரமே கிடைக்கவில்லையா என்று அதைத் திட்டினேன். எனக்குக் கோபம் மூக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். பாவம், போன் என்ன செய்யும்?

அவளுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. நாங்கள் பேசுவதெல்லாம் கையால்தான். கல்யாணமான புதிதில் அவளிடமே கற்றுக்கொண்டேன். பசிக்கிறது என்று சொல்லப்போய் வேறு எதையோ சொல்லி, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த கதையெல்லாம் உண்டு. அவள் வீட்டில் லுங்கி நெய்கிற பவர்லூம் ஓடுகிறது. அந்தச் சத்தத்தில் காது கேட்பவர்களும் கையைக் காட்டித்தான் பேசிக்கொள்வார்கள். ஆனால் அந்தக் கைப்பேச்சு 'நூல் தீர்ந்துவிட்டது', 'சாப்பிட வா' என்பதோடு நின்றுவிடும். வலி எங்கே, எப்படிப்பட்ட வலி, பயமாக இருக்கிறதா என்றெல்லாம் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள என் ஒருவனால்தான் முடியும்.

அதனால் ஓர் ஏற்பாடு செய்திருந்தோம். வலி எடுத்ததும் அவள் வீடியோ கால் போடவேண்டும். ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்வதை நான் கையால் அவளுக்குச் சொல்வேன். அவள் கையால் சொல்வதை வாயால் நர்ஸுக்குச் சொல்வேன். நான் ஆம்பூர் ஷூ கம்பெனியிலிருந்து போய்ச் சேரும்வரை அதுதான் வழி. லீவை எல்லாம் பிள்ளை பிறந்த பிறகு எடுக்கலாம் என்று சேர்த்து வைத்திருந்தேன்.

இந்த லட்சணத்தில்தான் போன் மக்கர் செய்தது. பிளக் பாயிண்டை மாற்றிப் பார்த்தேன். அடாப்டரை மாற்றினேன். பக்கத்து வீட்டு கேபிளை வாங்கிச் செருகினேன். அணைத்து அணைத்துப் போட்டேன். கேபிளை ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்தால் சார்ஜ் ஏறும், கையை எடுத்தால் நின்றுவிடும். காகிதத்தை மடித்து முட்டுக்கொடுத்து ரப்பர் பேண்டு போட்டேன். கொஞ்ச நேரம் ஏறியது, பிறகு அதுவும் இல்லை. பஜார் கடைக்காரர் கூட்டத்துக்கு நடுவே எட்டிப் பார்த்துவிட்டு, "சார்ஜிங் போர்டு போயிருக்கும்பா, வெச்சுட்டுப் போ, ரெண்டு மூணு நாள் ஆவும்" என்றார். மிச்சமிருக்கிற சார்ஜையும் போனையும் அவரிடம் கொடுத்துவிட்டு வர எனக்குத் துணிச்சல் இல்லை. சிம்மைப் பழைய பட்டன் போனில் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள் சிலர். பட்டன் போனில் குரல் வரும். குரலை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?

மறுநாள் காலை மாதனூரில் கம்பெனி பஸ் ஏறியதும் ஆளாளுக்கு வைத்தியர் ஆனார்கள். ஒருவர் அரிசிக்குள் புதைக்கச் சொன்னார். தண்ணீரே படாத போன் என்றால் கேட்கவில்லை. இன்னொருவர் பேட்டரி உப்பியிருக்கும் என்று முதுகைத் தடவிப் பார்த்தார். "இன்னாப்பா இது பேஜாரா போச்சு" என்று வருத்தப்பட்டதோடு சிலர் நின்றுகொண்டார்கள். ஸ்டிச்சிங்கில் வேலை செய்கிற அக்கா ஒருத்திதான் தன் போனை எடுத்து நீட்டினாள். "மொதல்ல அந்தப் பொண்ணுக்கு விஷயத்தைச் சொல்லு. உன் போன் ஆப்பாயிருந்தா அது பயந்துக்கும் இல்ல?"

கையால் பேச எனக்கு இரண்டு கையும் வேண்டும். அக்காவே போனைப் பிடித்துக்கொண்டாள். கால் போட்டதும் மனைவி திரையில் வந்தாள். தெரியாத எண்ணிலிருந்து நான் வந்ததைப் பார்த்து முகம் வெளுத்துவிட்டது. போன் சார்ஜ் ஏறவில்லை, அவ்வளவுதான் என்று சொன்னேன். காட்டு என்றாள். பஸ்ஸில் ஒருவரிடம் இருந்த பவர் பேங்கில் கேபிளைச் செருகி என் போனைத் திரைக்கு முன்னால் பிடித்தேன்.

இன்னும் கிட்டே என்றாள். பிறகு ஒரு கையை முஷ்டியாக மடக்கி மற்றக் கையின் விரலை அதற்குள் முழுக்க நுழைத்துக் காட்டினாள். இது என்னுடையது. அடுத்து விரலைப் பாதியில் நிறுத்திக் காட்டினாள். இது உன்னுடையது. பார்த்தேன். கேபிள் முனையின் வெள்ளி நிறத் தகடு போனுக்கு வெளியே கொஞ்சம் தெரிந்தது. கேபிள் முனை உள்ளே முழுக்கப் போகவே இல்லை.

செருகும்போது டிக்கென்று சத்தம் வந்ததே என்றேன். அவள் கண்ணை உருட்டினாள். சத்தமா? அதையா நம்பினாய்? என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அவள் கேட்டதை நான் வாயால் எடுத்துச் சொன்னதும் பஸ்ஸே சிரித்தது. நான்தான் கடைசியில் சிரித்தேன்.

உள்ளே எதுவோ அடைத்திருக்கிறது என்று புரிந்ததும் அக்கா தாலிச் சரட்டிலிருந்து ஊக்கைக் கழற்றினாள். திரையில் மனைவி இரண்டு கையையும் ஆட்டித் தடுத்தாள். இரும்பு வேண்டாம், மரம், முதலில் போனை அணை. ஓடுகிற பஸ்ஸில் மரக்குச்சிக்கு எங்கே போவது என்று விழித்தேன். டிரைவர் அண்ணன் திரும்பிப் பார்க்காமலே, "சாமி படத்தாண்ட ஊதுபத்திக் குச்சி கீதுபா, எடுத்துக்கோ" என்றார். எரிந்து முடிந்த குச்சியின் முனையைச் சீவிக்கொண்டு மெதுவாக நோண்டினேன்.

தூள் வந்தது. சோல் ஒட்டுவதற்கு முன்னால் தோலின் பளபளப்பைத் தேய்த்து எடுக்கிற மிஷின் என்னுடையது. அதிலிருந்து பறக்கிற தூள் என் தலைமுடி, மூக்கு, பாக்கெட் எல்லாவற்றிலும் இருக்கும். போனுக்குள்ளும் போயிருக்கிறது. ஒவ்வொரு தடவை கேபிளைச் செருகும்போதும் அதை நானே இடித்து இடித்துக் கெட்டிப்படுத்தியிருக்கிறேன். முதலில் பழுப்பு நிறத்தில் வந்தது. "இது இப்ப ஓடுற ஆர்டர்" என்றார் ஒருவர். அடியில் கறுப்பு வந்தது. "அதுக்கு மின்ன ஓடுன ஸ்கூல் ஷூ!" அதற்கும் அடியில் சிவப்பாக ஒரு துணுக்கு. அது எந்த ஆர்டர் என்பதில் பஸ்ஸில் சண்டையே வந்துவிட்டது. லேடீஸ் சாண்டல் என்று அக்கா அடித்துச் சொன்னாள்.

போனைப் போட்டு கேபிளைச் செருகினேன். இந்தத் தடவை வெள்ளி மறைந்தது. சார்ஜ் ஏறுகிற குறி திரையில் வந்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கைதட்டினார்கள். மனைவி கைதட்டலைப் பார்த்துவிட்டுத் தானும் இரண்டு கையையும் உயர்த்தி ஆட்டினாள், காது கேட்காதவர்களின் கைதட்டல் அதுதான். அன்றைக்கு அந்த பஸ்ஸில் இருந்த ஒவ்வொருவரையும் கட்டிப்பிடிக்கவேண்டும் போல இருந்தது, அரிசியில் புதைக்கச் சொன்னவரையும் சேர்த்து.

அதே வாரத்தில் ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். வீடியோ காலில் மனைவி, அதற்குள் ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக்கே போயிருந்தாள். சூப்பர்வைசர், "போ போ, மிஷினை நான் பாத்துக்கறேன்" என்று என்னை வெளியே தள்ளினார். கேட்டில் வாட்ச்மேன் தாத்தா என் போனை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அங்கே மனைவியின் போனை என் மாமியார் பிடித்திருந்தார். திரையில் மனைவியின் முகமும் கையும் மட்டும் தெரிந்தன. வேறு எதுவும் கண்ணில் பட்டுவிடக்கூடாதே என்று தாத்தா கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லுப்பா" என்றார் நர்ஸ். சொன்னேன். "இப்ப முக்கச் சொல்லு." சொன்னேன். முடியவில்லை என்றாள் அவள். "முடியலைங்கறா சிஸ்டர், இடுப்புல ஜாஸ்தி வலிக்குதாம்" என்று கத்தினேன். நர்ஸ் கேமரா பக்கம் வந்து, "தலை தெரியுதுன்னு சொல்லு, இன்னும் ஒரே ஒரு தடவைன்னு சொல்லு" என்றார். சொன்னேன். அவள் என் கையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. அந்த நர்ஸின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பொறுமைக்கு இன்றும் மனதுக்குள் கும்பிடுகிறேன்.

பெண் குழந்தை. துடைத்து அவள் மார்பில் போட்டார்கள். நான் தேம்பித் தேம்பி அழ, தாத்தா கண்ணை மூடியபடியே, "நல்லபடியா ஆச்சாப்பா?" என்று கேட்டார். ஆச்சு என்றேன்.

மனைவி குழந்தையின் திறந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் கேட்டாள். சத்தம் வருகிறதா?

வருகிறது என்றேன்.

எவ்வளவு?

உங்கள் வீட்டுத் தறி எல்லாம் சேர்ந்து ஓடினாலும் இவ்வளவு வராது என்றேன். தறி ஓடுவது அவளுக்குத் தெரியும். தரையில் பாதத்தை வைத்து அதன் அதிர்வை வாங்கி வளர்ந்தவள்.

நம்பலாமா என்று கேட்டாள்.

நம்பு என்றேன்.