பனியில் மின்னிய கொம்புகள்

ரோட்டில் மாட்டைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஹார்னிலிருந்து கையை எடுக்க மாட்டேன். தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டைக்கு முதல் ஷிப்டு ஆட்களை ஏற்றிப் போகும் கம்பெனி பஸ் டிரைவர் நான்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் விடியற்காலை. பனியில் ரோடே தெரியவில்லை. திடீரென்று எதிரே சிவப்பு வெளிச்சங்கள் ஜோடி ஜோடியாக மிதந்து வந்தன. ரசிப்பதா பயப்படுவதா என்று தெரியாமல் பிரேக்கை மிதித்தேன்.

பஸ் நின்ற பிறகுதான் அவை மாட்டுக் கொம்புகள் என்று புரிந்தது. லாரிகளின் பின்னால் ஒட்டுகிற, வெளிச்சம் பட்டால் மின்னும் ஸ்டிக்கரைக் கொம்புகளில் சுற்றியிருந்தார்கள்.

மாடுகளை ஓட்டி வந்த அம்மாவிடம், "இன்னாம்மா, பொங்கலுக்குக் கொம்புல பெயிண்ட் அடிக்கலையா?" என்றேன்.

"பெயிண்ட்டு பனியில தெரியுமா நைனா? போன வருசம் மாட்டு மேல மோதி ஒரு வேன் கவுந்துபோச்சு. அதான் ஊரே இத்த ஒட்டிக்கினோம்."

"மாட்டு மேல அவ்ளோ பாசமா?"

"மாட்டு மேலயும்தான். என் பொண்ணு உன் பஸ்லதான் வேலைக்குப் போவுது."

திரும்பிப் பார்த்தேன். ஜன்னலில் தலை சாய்த்து ஒரு பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப வேண்டாம் என்று அந்த அம்மா கையைக் காட்டினார்.

மாடுகள் மெதுவாகக் கடந்தன. ஹெட்லைட்டைத் தாண்டியதும் கொம்புகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசி மாடு போகும்வரை என் கை ஹார்ன் பக்கம் போகவே இல்லை.