சொந்தக் கோப்பை

பின்னேரம் ஆனதும், கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் என் தங்கை வீட்டில் ஜன்னல்களைச் சாத்துவார்கள். கொசுவுக்கு என்று நினைத்தேன். புகைக்கு. அந்த நேரத்தில்தான் ஒவ்வொரு வீட்டின் பின்னாலும் குப்பையைக் கொளுத்துகிறார்கள். சோறு சுற்றி வந்த லன்ச் சீட், கடையில் சாமான் போட்டுத் தரும் சிலிசிலி பேக், பிள்ளையின் பம்பர்ஸ், எல்லாம் ஒரே குவியலில். நாக்கில் ஒரு கசப்பு வந்து ஒட்டும். சாப்பிட்டாலும் போகாது. தங்கை செல்வியும் கொளுத்துவாள். கொளுத்திவிட்டு உள்ளே வந்து ஜன்னலைச் சாத்துவாள். "பக்கத்து வீட்டுப் புகை அண்ணே" என்பாள்.

சுவிஸில் நான் ஒரு வயோதிபர் இல்லத்துச் சமையற்கட்டில் பாத்திரம் கழுவுகிறேன். போன புதிதில் கீழ்வீட்டுக் கிழவி கதவைத் தட்டினாள். கையில் ஒரு காலி யோகட் டப்பா. நான் குப்பையில் போட்டது. ஏதோ கேட்டாள். எனக்குப் பாஷை தெரியாது. பசியாக்கும் என்று நினைத்து, ஒரு புது யோகட்டை எடுத்துக் கொடுத்தேன். "நைன், நைன்" என்று தலையை ஆட்டி மறுத்து, என்னை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். என் குழாயைத் திறந்து அந்த டப்பாவைக் கழுவினாள். மேல் தாளை உரித்து வேறாக வைத்தாள். குப்பையைக் கழுவுகிற சனத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு நானும் கழுவப் பழகினேன். அவர்கள் எல்லாம் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. மத்தியானம் மிஞ்சுகிற இறைச்சியை, வாய் வைக்காத தட்டிலிருந்து வாளியில் வழித்துக் கொட்டுகிறவன் நான்தான். அந்த வாளியைப் பார்த்தால் எனக்குக் குமட்டும். டப்பாவைக் கழுவுவார்கள், சோற்றைக் கொட்டுவார்கள். ஊரில் சோற்றைக் கொட்டமாட்டோம், ஆற்றைக் குப்பையாக்குவோம்.

யாரையும் திருத்த எனக்குத் தெரியாது. என் கையில் இருக்கிறதை மட்டும் செய்வோம் என்று வைத்துக்கொண்டேன். கடைக்குத் துணிப்பை. எதையும் கொளுத்துவதில்லை. காகிதக் கோப்பையில் குடிப்பதில்லை. பெரிய சமையற்காரர் எங்களுக்கு ஆளுக்கொரு எவர்சில்வர் கோப்பை கொடுத்திருந்தார். எங்கே போனாலும் அது என் பைக்குள் இருக்கும். ரயில் நிலையத்தில் அதை நீட்டிக் கோப்பி வாங்கினால், ஊற்றுகிற பெண் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே சில நாள் வாங்கியிருக்கிறேன். மற்ற நேரம் அந்த ஊரில் என்னைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

இந்தத் தடவை லீவில் வந்தது செல்வியின் மகள் தாரணிக்காக. கண்டியில் துணிக்கடையில் நிற்கிறாள். அதே தெருவில் போன் திருத்துகிற பையன் ஒருவன். இரண்டு பேரும் விரும்பிவிட்டார்கள். பையனின் வீடு கடுகண்ணாவையில். தாரணிக்குத் தகப்பன் இல்லை. தாய்மாமன் போய்ப் பேசினால் நாள் வைக்கலாம் என்று காத்திருந்தார்கள். செல்வியும் நானும் புறப்பட்டோம்.

கண்டியில் பஸ் மாறி ஏறினோம். முன்சீட்டுக்காரன் சாப்பிட்டு முடித்து, மிச்சத்தோடு பார்சலைச் சுருட்டி வெளியே எறிந்தான். பருப்பு காற்றில் திரும்பி என் கன்னத்தில் ஒட்டியது. துடைத்துவிட்டு, ஜன்னலைக் காட்டி என் அரைச் சிங்களத்தில் எறியாதே என்று சொன்னேன். நான் காற்றுக் கேட்கிறேன் என்று நினைத்து எழுந்து தன் இடத்தைக் கொடுத்தான். நல்ல மனுஷன். இடம் கொடுக்கிறவனும் அவன்தான், எச்சிலை எறிகிறவனும் அவன்தான். அந்த சீட்டில் உட்கார்ந்து போனேன். கன்னத்தில் பருப்பு வாடை போகவில்லை.

பையனின் தகப்பன் முத்தையா டயர் ஒட்டுகிற கடை வைத்திருக்கிறார். கடைக்கு மேலே வீடு. வாசல் வரை வந்து கூட்டிப்போனார். பேச்சு நன்றாகப் போனது. "எங்க பயலுக்கு போன் திருத்தத் தெரியும், வீட்டு பல்ப மாத்தத் தெரியாதுங்க" என்றார். செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் மனைவி பார்வதி, அலுமாரியில் விருந்தாளிக்கென்று வைத்திருந்த பூப்போட்ட கோப்பைகளில் தேத்தண்ணீர் கொண்டுவந்தார். நான் பைக்குள் கைவிட்டு என் கோப்பையை எடுத்தேன். "எனக்கு இதுல ஊத்துங்கம்மா" என்றேன்.

பார்வதி நீட்டிய தட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். செல்வியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

நாங்கள் கெலிஓயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீட்டில், லயத்தில் பிறந்தவர்கள். முத்தையா பக்கத்துத் தோட்டம். ஒரே கொழுந்து, ஒரே கூடை. ஆனால் தோட்டத்துத் தேத்தண்ணிக் கடையில் எங்கள் ஆட்கள் பெஞ்சில் உட்கார்ந்து கிளாசில் குடிப்போம். முத்தையாவின் ஆட்களுக்கு வெளியே ஆணியில் தகரக் குவளை தொங்கும். தண்ணீர் கேட்டால் இரண்டு கையையும் குவிக்கச் சொல்லி மேலேயிருந்து ஊற்றுவார்கள். அந்த வீடுகளில் கல்யாணம் என்றால் என் அம்மா போவார். போகும்போது முந்தானைக்குள் தன் டம்ளரை எடுத்துப்போவார். அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். நான் ஊரைவிட்டுப் போய்ப் பல வருஷம். என் கோப்பை நினைவிலிருந்தது. அம்மாவின் டம்ளர் மறந்துபோனது.

"எங்க வீட்டு கப்பு ஆகாதுங்களா தம்பி?" என்றார் முத்தையா. சத்தம் போடவில்லை.

"அப்படி இல்லீங்க. இது பழக்கம். குப்பை சேரக்கூடாதுன்னு. சுவிஸ்ல எல்லாரும் இப்படித்தான்."

"எங்க கப்ப நாங்க கழுவி வைப்போம். குப்பையில போடமாட்டோம்."

நான் கோப்பையைத் திரும்பப் பைக்குள் வைத்தேன்.

"சுவிஸ்லயும் சாதி பார்க்கிறாங்க போல" என்று தன் மனைவியிடம் சொன்னார். தேத்தண்ணீர் தட்டத்தோடு உள்ளே போனது. கல்யாண நாளைப் பற்றி யாரும் பேசவில்லை.

இறக்கத்தில் செல்வி என்னோடு சேர்ந்து நடக்கவில்லை. "அங்க போயி படிச்சது இதுதானா அண்ணே? அந்தக் கப்ப ஆத்துல எறி" என்றாள். வீட்டில் தாரணி அழவில்லை. கொளுத்தின குப்பையைத் தடியால் கிளறிக்கொண்டு நின்றாள். "மாமா, சரி பண்ணிட்டு பிளேன் ஏறுங்க" என்றாள். அவ்வளவுதான். அன்றைக்கு எனக்குப் புகையைவிட என் பை நாறியது.

அடுத்த நாள் தனியாகப் போனேன். முத்தையா கடைவாசலில் இல்லை. மேலே கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். வாங்க என்றார், எழும்பவில்லை. பார்வதி எனக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்தார். காகிதக் கோப்பையில்.

"புதுசுங்க. யாரு வாயும் படல" என்றார்.

குத்திச் சொல்லவில்லை. மரியாதைக்குத்தான் கடைக்குப் போய் வாங்கியிருந்தார். எங்கள் சனத்தின் விசேஷங்களில் காகிதக் கோப்பையும் லன்ச் சீட்டும் ஏன் இப்படிக் குவிகிறது என்று அந்த இடத்தில் தெரிந்தது. யார் குடித்தது, யார் கழுவியது என்ற கேள்வி அதில் இல்லை. ஆணியிலும் தொங்காது. குடித்தோம், எறிந்தோம். நான் அருவருத்த குப்பைக்குள் அதைவிட அருவருப்பான ஒன்று கிடந்தது. அது என் அம்மாவின் முந்தானைக்குள் இருந்து வந்தது.

நான் பேசத் தெரியாதவன். காகிதக் கோப்பையைக் கீழே வைத்தேன். முத்தையாவின் பக்கத்து ஸ்டூலில் அவர் பாதி குடித்த கோப்பை இருந்தது. எடுத்தேன். விளிம்பில் வெற்றிலைச் சிவப்பு. ஆறிப்போய் மேலே ஆடை கட்டியிருந்தது. எச்சில் யாருடையதானாலும் எனக்கு ஆகாது, என் தங்கையின் மிச்சத்தைக்கூட நான் தொட்டதில்லை. கடைசிவரை குடித்தேன்.

முத்தையா காலிக் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"வெத்தல வாசம் அடிக்குமே தம்பி."

"அடிக்குதுங்க. சீனியும் கூட."

அவர் வயிறு முதலில் குலுங்கியது, பிறகுதான் சிரிப்புச் சத்தம் வந்தது. "பார்வதி, வேற டீ போடு. இந்தாளு என் டீயக் குடிச்சிட்டாரு. சீனி கூடன்னு கொற வேற சொல்றாரு."

பார்வதி தொடாத காகிதக் கோப்பையை எடுத்து, பின்கதவால் பள்ளத்தில் வீசினார். கீழே ஏற்கெனவே நிறையக் கிடந்தது. தை மாதத்தில் நாள் வைத்தோம்.

புறப்படும்போது என் எவர்சில்வர் கோப்பையைப் பார்வதியிடம் கொடுத்தேன். வாங்கிக் கழுவி, அவர்களுடைய கோப்பைகளோடு தட்டில் கவிழ்த்து வைத்தார். "அடுத்த தடவ வந்தா இதுல தரவா, எங்க கப்புல தரவா?" என்று கேட்டார். "கையில கிடைக்கிறதுல தாங்க" என்றேன்.

இப்போது சுவிஸில் இருக்கிறேன். வேலைக்கு நடுவில் மற்றவர்கள் தங்கள் கோப்பையோடு நிற்பார்கள். என்னிடம் இல்லை. வேறு ஒன்று கேட்டால் கொடுப்பார்கள், கேட்கவில்லை. குழாயைத் திறந்து, இரண்டு கையையும் குவித்து, குனிந்து குடிக்கிறேன். முதல்நாள் அதைப் பெரிய சமையற்காரர் பார்த்தார். உன் கோப்பை எங்கே என்று கேட்டார். "ஸு ஹவுஸ" என்றேன். வீட்டில் என்று அர்த்தம். நாளைக்கு மறக்காமல் எடுத்து வா என்றார். சரி என்று தலையாட்டினேன். விரலிடுக்கால் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.