ஸெனோன் வைத்த கொழுப்புத் துண்டு

ஃபெலிட்சியா வ்ரோனா முப்பது வருடத்துக்கு மேல் ஒரே கேள்வியோடு குடித்தனம் நடத்தினவள். காலத்தைத் திருப்பி ஓட்டினாலும் இயற்கை அதே மாதிரிதான் நடந்துகொள்ளுமா என்பது அந்தக் கேள்வி. கிராக்கோ நகரில், பல்கலைக்கழக இயற்பியல் கட்டடத்தின் அடித்தளத்தில், அதற்கென்றே ஒரு கருவி வைத்திருந்தாள். எலெக்ட்ரானும் அதன் எதிர்த்துகளும் ஜோடி சேர்ந்து, ஒரு நொடியில் நூறு கோடியில் சில பங்கு நேரம் வாழ்ந்து, ஒளியாகச் செத்துப்போகும். அந்தச் சாவைத் துல்லியமாகப் பார்த்தால் விடை கிடைத்துவிடும் என்று நம்பினாள். கல்யாணம் செய்துகொள்ள மறந்துவிட்டேன் என்று அவள் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். அது பெரும்பாலும் உண்மை.

கருவியைக் கட்டியவர் ஸெனோன். எஃகு ஆலையில் மின்வேலை பார்த்துவிட்டு வந்தவர், அவளைவிடப் பத்து வயது மூத்தவர். கைவேலை அவ்வளவு சுத்தம். அவர் ஒரு கம்பியைப் பற்றவைத்தால் அதைப் பற்றி மறுபடி யோசிக்க வேண்டியதில்லை. முனைவர் பட்டம் வாங்கியவள் என்பதால் அவளை டாக்டரம்மா என்றே கூப்பிடுவார்.

தொண்ணூற்றாறாம் வருடம், ஈஸ்டருக்கு முந்தைய வாரம். காலையில் வந்து பார்த்தால் எண்கள் எல்லாம் தாறுமாறாக இருந்தன. ஃபெலிட்சியா கருவியைத் திறந்தாள். உள்ளே, கதிர் வரும் இடத்தை ஒட்டி, வெள்ளையாக, பளபளவென்று ஏதோ ஒன்று.

“ஸெனோன், என்ன இது?”

“கொழுப்பு, டாக்டரம்மா. பன்னிக் கொழுப்பு.”

“இங்க எப்படி வந்துச்சு?”

“என் சாப்பாட்டு டப்பாவிலேருந்து. உப்பு போடாததுதான், பயப்படாதீங்க.”

பேப்பர் ஒன்றை அவள் முன்னால் விரித்தார். “கறித் துண்டுல வெச்சா ஜோடி சீக்கிரம் செத்துடுது. கொழுப்புல கொஞ்சம் கூட நேரம் தாக்குப்பிடிக்குது. மூணு தடவை பார்த்துட்டேன். உடம்புல ஒரு கட்டி வந்தா, நல்ல சதையும் கெட்ட சதையும் இதே மாதிரி வேற வேற நேரம் காட்டாதா?”

அவளுக்கு ஒரு வார அளவீடு வீணாய்ப்போன ஆத்திரம். “நாம இங்க இயற்கையோட சட்டத்தைப் பார்க்கிறோம், ஸெனோன். கசாப்புக் கடை நடத்தல.”

பக்கத்தில் நின்ற இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஸெனோனுக்குக் காது மடல் வரை சிவந்தது. கருவியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். அன்றிலிருந்து, “இன்னிக்கு என்ன ஸெனோன், ஈரலா?” என்று கேட்பது அங்கே வழக்கமாகிவிட்டது. ஃபெலிட்சியா அதைத் தடுக்கவில்லை. ஒருமுறை அவளும் சிரித்தாள்.

மே மாதம் அவர் வியாழக்கிழமைதோறும் அரை நாள் விடுப்பு வேண்டும் என்றார். “வீட்ல கொஞ்சம் சரியில்ல.”

“எடுத்துக்கோங்க,” என்றாள், திரையிலிருந்து தலையை எடுக்காமல். பெருந்தன்மையாக நடந்துகொண்டதாகத்தான் அப்போது நினைத்தாள். இலையுதிர் காலத்தில் அவர் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலைக்குப் போய்விட்டார். இவளுக்கு வேலை நின்றுபோன எரிச்சல் மட்டும் இருந்தது.

அவளுடைய கேள்விக்கு விடை வந்தது. எங்களால் அளக்க முடிந்தவரை வித்தியாசம் ஏதும் இல்லை என்ற விடை. பதினோரு பக்கக் கட்டுரை. அதைப் படித்த அத்தனை பேரையும் அவளால் விரல் விட்டுப் பெயர் சொல்ல முடியும்.

இருபது வருடம் கழித்து, அதே கட்டடத்தின் மேல்மாடியில் ஒரு இளம் பெண் உரை நிகழ்த்தினாள். அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டித் துண்டு ஒன்றையும் கொழுப்புத் துண்டு ஒன்றையும் வைத்து, அதே ஜோடியின் ஆயுளை அளந்திருந்தார்கள். கொழுப்பில் அதிகம், கட்டியில் குறைவு. பிற்காலத்தில் புற்றுநோயைப் படமெடுக்க இது உதவக்கூடும் என்றாள். கை தட்டினார்கள். ஃபெலிட்சியாவுக்குக் கை எழவில்லை.

அலமாரியின் அடியிலிருந்து அன்று ஸெனோன் விட்டுப்போன தாளைத் தேடி எடுத்தாள். மறுநாளே டிராம் பிடித்து, அவர் குடியிருந்த நோவா ஹூத்தாவுக்குப் போனாள். கதவைத் திறந்த ஸெனோனுக்குக் காது மந்தமாகியிருந்தது.

“டாக்டரம்மாவா! ஷூவைக் கழட்டாதீங்க, தரை ஜில்லுனு இருக்கு.”

அவர் சமையலறையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கைத் தோல் சீவிக்கொண்டே, அவள் சத்தமாகச் சொன்னதையெல்லாம் கேட்டார்.

“அப்போ நான் பார்த்தது சரிதானா?”

“சரிதான்.”

“எண்ணு?”

“கிட்டத்தட்ட அதேதான்.” பிறகு, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவரிடம் கேட்டாள். “அதை ஏன் செஞ்சீங்க, ஸெனோன்?”

“தியோஃபிலாவுக்கு மார்ல கட்டி. என் பொண்டாட்டியை நீங்க பார்த்ததில்லல்ல? கெட்ட கட்டியா, வெறும் கொழுப்பான்னு டாக்டருங்க ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. கத்தி வைக்காம பார்க்க வழி இருக்குமான்னு யோசிச்சேன். நம்மகிட்டத்தான் மெஷின் இருக்கே.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“சொல்லத்தான் வந்தேன். எல்லாரும் சிரிச்சிட்டிருந்தீங்க.”

கோபமே இல்லாத குரல். கத்தி உருளைக்கிழங்கின் மேல் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. அடுத்த வருடமே தியோஃபிலா இறந்துவிட்டாளாம்.

அன்று கேட்டிருந்தாலும் அவளைக் காப்பாற்றியிருக்க முடியாது, இந்த அளவீட்டு முறை இன்னும் ஆஸ்பத்திரிக்கே போய்ச் சேரவில்லை என்று சொல்ல ஃபெலிட்சியா வாயெடுத்தாள். அதற்குள் அவரே சொன்னார்.

“அதனால அவ பொழைச்சிருக்க மாட்டா. அது எனக்கும் தெரியும், நான் ஒண்ணும் முட்டாள் இல்ல. ஆனா அந்த வியாழக்கிழமைங்க இருக்கே... ஆஸ்பத்திரியிலேருந்து நேரா வேலைக்கு வருவேன். எப்படி இருக்கான்னு ஒரு ஆள் கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்.”

சீவிய கிழங்குகளை அவர் தண்ணீரில் போட்டார்.

“உங்க பேரைப் போட்டு எழுதலாம்னு நினைக்கிறேன்,” என்றாள் கடைசியில்.

“என்னன்னு போடுவீங்க? பன்னிக் கொழுப்பு ஸெனோன்னா?” அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவளால் முடியவில்லை. “பேரை வெச்சு நான் என்ன செய்ய? அந்தச் சின்னப் பசங்ககிட்ட தாளைக் குடுங்க. உதவினா உதவட்டும்.”

கொடுத்தாள். அவர்கள் ஆர்வமாகத்தான் பார்த்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். அளவீட்டில் பிழை வரம்பு பெரிதாக இருப்பதால் வெளியிட முடியாது என்று மரியாதையாகச் சொல்லித் திருப்பித் தந்தார்கள். அவர்கள் சொன்னது நியாயம். அவர்கள் இடத்தில் இருந்திருந்தால் அவளும் அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

அதன்பிறகு நாலைந்து முறை போனாள். ஒவ்வொரு முறையும் அவர் புளிப்புக் கஞ்சி சூப் வைத்துக் கொடுத்தார். பிறகு மகள் அவரை வடக்கே, கடலோரத்தில் இருக்கும் கிதீனியாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். காது கேட்காதவரிடம் தொலைபேசியில் பேச வழியில்லை. கிறிஸ்துமஸுக்கு அட்டை வந்தது, இரண்டு வருடம். மூன்றாவது வருடம் அட்டை வரவில்லை. மார்ச்சில் மகளிடமிருந்து கடிதம் வந்தது. ஜனவரியிலேயே போய்விட்டாராம்.

ஃபெலிட்சியா பதில் எழுத உட்கார்ந்தாள். நான்கு முறை தொடங்கி நான்கு முறையும் கிழித்தாள். மன்னிப்பு என்று எழுதினால் யாரிடம் கேட்பது? அந்தப் பெண்ணுக்குப் பழைய கதை எதுவும் தெரியாது. அப்பாவின் டாக்டரம்மா நல்லவர் என்றே அவள் கேள்விப்பட்டிருந்தாள். கடைசியில் மூன்று வரியில் அனுதாபம் எழுதி அனுப்பினாள்.

பத்து நாளில் நன்றி என்று ஒரு அட்டை வந்தது.