பொன்னாடையும் ஒரு போத்தலும்

எண்பதுகளின் கடைசி. லண்டனில் நோர்பரிக்குப் பக்கத்தில் ஒரு மரக்கறிக் களஞ்சியத்தில், படிப்புக்கிடையே பெட்டி தூக்கிக்கொண்டிருந்தேன். மேலடுக்கிலிருந்து தலையளவு முட்டைக்கோவா ஒன்று விழுந்தது. கூட வேலை செய்த போலந்துக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் அதைப் புறங்காலில் ஏந்தி என்னிடம் உருட்டிவிட்டார். எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் உதைபந்தாட்டக் குழுவுக்குக் கோச் கிடைத்துவிட்டார் என்று அந்தக் கணமே முடிவு செய்தேன்.

தேநீர் இடைவேளைகளில் அவர் கதையைப் பிடுங்கினேன். சொந்த நாட்டில் முதல்தரக் கழகமொன்றில் இரண்டு பருவம் ஆடியவர். முழங்கால் போனது, குடி வந்தது, லண்டனுக்கு வந்த பிறகு மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு தனியே போய்விட்டார். இப்போது ஏழு மாதமாக ஒரு துளியும் தொடவில்லை. அப்படியே இருந்தால் கோடை விடுமுறையில் மகளை ஒரு வாரம் அவரிடம் விடுவதாக மனைவி வாக்குக் கொடுத்திருந்தார்.

சங்கத்தில் குடியை மறைத்தேன். அந்த இடத்தில் உலகக் கோப்பையை வைத்தேன்.

எங்களிடம் ஆடப் பன்னிரண்டு பேர், நிர்வகிக்கப் பதினாறு பேர்.

"உண்மையா நாட்டு டீமிலயோ தம்பி?" என்றார் தலைவர்.

"ஓம் அண்ணை, கப்டனா வரவேண்டிய ஆள்."

"அப்ப நல்லது. என்ர மருமகனை மட்டும் முன்னுக்கு விடச் சொல்லு."

கலியாண வீட்டில் விருந்தாளிகளை வரவேற்பவர் போல ஓடுகிறார் என்று சொல்லி, மருமகனைக் கோச் வெளியே உட்காரவைத்தார். சங்கங்களின் சுற்றுப்போட்டியில் முதல்முறையாக இறுதியாட்டம் வரை போய்த் தோற்றோம். தோல்விக்குக் காரணம் மருமகன் ஆடாதது என்று நிர்வாகம் ஏகமனதாகக் கண்டுபிடித்தது.

ஆனாலும் பரிசளிப்பில் குறை வைக்கவில்லை. தலைவரின் ஒன்றேகால் மணிநேரப் பேச்சு, பொன்னாடை, பிறகு தங்கத்தாள் சுற்றிய பெட்டி. கலியாணமோ புதுவீட்டுக் குடிபூரலோ, மரியாதை என்றால் எங்கள் ஆட்களுக்கு விஸ்கிப் போத்தல்தான். வெள்ளைக்காரர் வழக்கப்படி கோச் அதை மேடையிலேயே பிரித்தார். முகம் வெளிறியது. "இதை நீ கொண்டுபோ" என்று என் காதில் சொன்னார். ஒலிவாங்கி என் கையில். பதினாறு பேரும் படத்துக்குச் சிரித்தபடி நின்றார்கள்.

"கோச்சுக்குச் சந்தோசத்தில கதைக்க ஏலாமல் கிடக்காம்!" என்றேன்.

பெரிய கைதட்டல். போத்தல் அவரோடு போய்விட்டது.

திங்கட்கிழமை அவர் வேலைக்கு வரவில்லை. செவ்வாயும் இல்லை. அன்று மாலை தலைவர் தொலைபேசியில் அழைத்தார். "வாற வருசமும் ஆளைப் பிடி தம்பி. போத்தலைக் கண்டு மனிசன் கலங்கினதைப் பாத்தனியே? நன்றியுள்ள சனம்."

புதன்கிழமை கோச்சின் அறைக் கதவைத் தட்டினேன். மழிக்காத முகத்தோடு திறந்தார். மேசையில் போத்தல், கால்வாசிதான் மிச்சம். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சனிக்கிழமை மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு வருகிறாள்" என்று மட்டும் சொன்னார். மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றினேன். கடைசிச் சொட்டு வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை அவர் மனைவி படியேறும் முன் நான் வாசலில் நிற்க வேண்டும். போத்தலைக் கொடுத்தது யார், மேடையில் பொய் சொன்னது யார் என்று ஒன்றும் விடாமல் சொல்ல வேண்டும். நம்புவாரோ தெரியாது. தலைவரையும் இழுத்துப் போகத் தீர்மானித்தேன். பேசச் சந்தர்ப்பம் உண்டென்றால் அவர் வராமலா போவார்?