லெஃப்ட்ல மட்டும் அழுக்கு

மடியில் கைக்குட்டையை விரித்தாயிற்று. அதன்மேல் குழந்தைகள் பல் துலக்கும் குட்டி பிரஷ், ஒரு துண்டு பனியன் துணி, மூடி திறந்த இயர்பட் டப்பா. கம்பெனி பஸ் சேரப்பணஞ்சேரி நிறுத்தத்தை விட்டு நகர்ந்ததுதான் தாமதம், கோதண்டம் வேலையை ஆரம்பித்துவிடுவார். இடது பக்கத்து இயர்பட்டின் ரப்பர் குல்லாயைக் கழற்றுவார். இயர்பட்டைத் தலைகீழாகப் பிடித்து, வாயில் இருக்கும் சல்லடையை பிரஷால் மெல்ல மெல்லத் தட்டுவார். ஏன் தலைகீழாக என்று ஒரு நாள் கேட்டேன். "நேரா புட்ச்சா அழுக்கு உள்ள பூடும் சார். கவுத்தாதான் கீழ கொட்டும்." வாயால் ஊத மாட்டார், எச்சில் ஈரம் பட்டுவிடுமாம். பனியன் துணியால் ஒற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். திருப்தி வராது. மறுபடியும் பிரஷ்.

வலது பக்கத்தை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. அது பாட்டுக்குக் காதுக் குறும்பி அப்பிக்கொண்டு டப்பாவில் கிடக்கும். "அதுக்கு இன்னா, அது நல்லா கேக்குது. லெஃப்ட்ல மட்டும்தான் சார் அழுக்கு அடச்சிகினே கீது."

டிரைவர் வெங்கடேசன் கண்ணாடியில் பார்த்துக் கத்துவார்: "இன்னா கோதண்டம், அபிஷேகம் முட்ஞ்சிதா? தீபாராதனை எப்போ?" பஸ்ஸே சிரிக்கும். கோதண்டம் மட்டும் தலை நிமிரமாட்டார். கோபக்காரர் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். பாதிக் கிண்டல் அவர் காதில் விழுவதே இல்லை என்று புரிய எனக்கு நாள் பிடித்தது.

ஒரகடத்தில் கார்க் கதவுக்குத் தகடு அடித்துக் கொடுக்கிற கம்பெனி எங்களுடையது. நான் ஸ்டோர்ஸ். அவர் பிரஸ் ஷாப்; வருஷா வருஷம் புதுப்பிக்கிற கான்ட்ராக்ட் ஆள். மெஷின் ஒரு அடி அடித்தால் ஸ்டோர்ஸில் இருக்கிற எனக்கே நெஞ்சு அதிரும். அது நிற்பது அவருடைய இடது கைப் பக்கம். காதில் அடைத்துக்கொள்ள மஞ்சள் நுரைப் பஞ்சு கொடுக்கிறார்கள். மனுஷன் வலது காதில் ஒழுங்காக வைத்துக்கொள்வார். இடது காதுப் பஞ்சு சட்டைப் பையில் இருக்கும். சூப்பர்வைசர் வந்தால் காதுக்குப் போகும், அவர் தலை மறைந்தால் பைக்குத் திரும்பும். "அடி சத்தம் மாறுச்சினா தகடு கோணலா உக்காந்துகீதுனு அர்த்தம் சார். அத்த கேக்க ஒரு காது வாணாவா?" பிரஸ் ஷாப்பில் பழைய ஆட்கள் எல்லாருக்கும் இதே வழக்கம்தான். சொன்னால் கேட்கிற ஜாதியா அது!

மனைவி கனகம் சுங்குவார்சத்திரத்துப் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி கேன்டீனில் நைட் ஷிப்ட். இவர் கிளம்பின பிறகு அவர் வீடு வருவார். இவர் திரும்பும்போது அவர் கிளம்பத் தயாராக நிற்பார். அதனால் இந்தப் புருஷன் பெண்டாட்டி குடும்பம் நடத்துவது பஸ்ஸில்தான். அவர் ஒரு பஸ்ஸில் வர, இவர் ஒரு பஸ்ஸில் போக, போனிலேயே எல்லாம் நடக்கும். ஒரகடம் கூட்டு ரோட்டுக்கு முன்னால் எங்காவது இரண்டு பஸ்ஸும் எதிரெதிரே கடக்கும்போது ஜன்னலில் கையாட்டிக்கொள்வார்கள். கோதண்டம் பேசுவது கத்தலாக இருக்கும். அவர் வீட்டில் எந்தக் குழம்பு புளித்துப்போனது என்பது வரைக்கும் எங்களுக்குத் தெரியும்.

இயர்பட்டை சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு மொபைல் கடையில் காட்டினார். "ஒண்ணுமில்லண்ணே, நல்லாகீது" என்றான் கடைக்காரன். நம்பாமல் புது ஜோடி வாங்கினார். நாலாம் நாளே, "புதுசுலயும் லெஃப்ட் சரியா கேக்கல சார். இவனுங்க லெஃப்ட்டுனாலே ஏனோதானோனு போட்றானுங்க!" என்று ஆரம்பித்தார். என்னையும் போட்டுப் பார்க்கச் சொன்னார். போட்டேன். பாட்டு கணீரென்று கேட்டது. எனக்கு வளைத்துப் பேச வராது. "நல்லாத்தானே கேக்குது கோதண்டம்? நீங்க காதைக் காட்டுங்க, இதை விடுங்க" என்றேன். முகம் சிவந்துவிட்டது. "உன் காதுலதான் சார் கோளாறு!" இரண்டு நாள் என் பக்கத்தில் உட்காரவில்லை.

கோபத்தின் காரணம் எனக்குத் தெரியாதா என்ன? வருஷத்துக்கு ஒரு முறை காது சோதனைக்காகக் கம்பெனிக்கு ஒரு வெள்ளை வேன் வரும். உள்ளே கண்ணாடிக் கூண்டு. ஹெட்போனை மாட்டிவிட்டு, 'பீப்' கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். போன முறை கொம்பையா என்ற திருநெல்வேலிக்காரர் அழுத்த வேண்டிய நேரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதம் அவருக்கு கான்ட்ராக்ட் புதுப்பிக்கவில்லை. "எனக்குக் கேக்கவே இல்லியே அண்ணாச்சி, கேட்டாத்தான அமுக்க முடியும்?" என்று கம்பெனி வாசலில் நின்று கோதண்டத்திடம் சொல்லிவிட்டுப் போனார். இந்த பிரஷ் வந்தது அதற்கப்புறம்தான்.

வேன் நேற்றே வந்து நின்றுவிட்டது. இன்று பிரஸ் ஷாப் முறை.

இன்று காலை பஸ் ஏறியதிலிருந்து அவர் கை நிற்கவில்லை. தட்டுகிறார், ஒற்றுகிறார், பார்க்கிறார். கனகத்திடமிருந்து போன் வந்தது. இரண்டையும் மாட்டினார். வலது பக்கம் செத்துக் கிடந்தது. துடைக்காமல் விட்டதில் அதன் அடியில் இருக்கும் சார்ஜ் புள்ளியில் அழுக்கேறி, ராத்திரி முழுக்க டப்பாவில் இருந்தும் சார்ஜ் ஏறவில்லை. இடது மட்டும்தான் உயிரோடு இருந்தது.

"இன்னா? இன்னா சொல்ற? சத்தமா பேசு கனகம்… கேக்கல…"

எழுந்து நிற்கிற மாதிரி சீட்டில் முன்னால் வந்துவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை. செத்த வலதைப் பிடுங்கி மடியில் போட்டார்; இடது இயர்பட்டைக் கழற்றி, பிரஷைக்கூடத் தேடாமல், அப்படியே வலது காதில் வைத்து விரலால் அழுத்திப் பிடித்தார். பக்கம் மாறியதால் அது உட்காராமல் வழுக்கியது. விடாமல் பிடித்துக்கொண்டார்.

கண் விரிந்தது. பஸ்ஸில் யாரும் இதுவரை கேட்டிராத சின்னக் குரலில் சொன்னார்: "ம்… கேக்குது. நல்லா கேக்குது கனகம். நீ மெதுவாவே பேசு."

எதிரே அந்த பஸ் வந்தது. ஜன்னலில் கனகம் கையாட்டினார். கோதண்டமும் ஆட்டினார், சிரித்துக்கொண்டேதான் ஆட்டினார். பஸ் கடந்தது. இயர்பட் இரண்டையும் டப்பாவில் வைத்து மூடினார். கம்பெனி கேட் தெரிய ஆரம்பித்தது. பக்கத்திலேயே வெள்ளை வேன்.

கைக்குட்டையிலிருந்து பிரஷை எடுத்தார். தலையை இடது பக்கமாக, அழுக்கு கீழே கொட்டுவதற்குத் தோதாகக் கவிழ்த்து, தன் காதுக்குள் மெல்ல மெல்லத் தட்ட ஆரம்பித்தார்.