வேரை இழுத்துப் பார்த்தவர்

வளைகுடாப் பாலைவனத்தில், ருவைஸில் எண்ணெய்க் குழாய் பதித்த எங்கள் கேம்ப்பின் ஃபோர்மேன் ஓர் அமெரிக்கர், கடலோரச் சதுப்புநிலத்துக்காரர். வெயிலில் வெந்து சிவந்த கழுத்து. ஏ.சி. நீர் சொட்டும் இடத்தில் நாலைந்து புல் முளைத்திருந்தது. தினமும் குனிந்து அதை மெல்ல இழுத்துப் பார்ப்பார். வேர் பிடித்திருந்தால்தான் டூட்டிக்குக் கிளம்புவார்.

“சாருக்கு மாடு வாங்குற யோசனையா?” என்று சீண்டினார் நாகர்கோவில் வெல்டர்.

ஃபோர்மேன் சிரிக்கவில்லை. தன் இழுவை ஆங்கிலத்தில் சொன்னார்:

“எங்க ஊர்ல முயலைவிடப் பெரிய எலி இருக்கு. ரோமக் கோட்டு தைக்க வெளிநாட்டுலேருந்து கொண்டுவந்து வளர்த்தாங்க. தப்பிச்சுப் பெருகி, சதுப்புப் புல்லை வேரோட தின்னுது. வேர் போனா சேறு கரையும், கடல் உள்ள வரும். என் வீட்டுப் படிவரைக்கும் வந்துடுச்சு.”

“வளர்த்தவனைக் கேக்கலையா சார்?”

“கேட்டேன். ‘எலி முதுகுல என் பேரா எழுதியிருக்கு?’ன்னான்.”

அடுத்த லீவில் ஊருக்குப் போனார். திரும்பி வந்ததும் வெல்டர் தயங்கியபடி, “வீடு எப்படி சார்?” என்றார்.

“கலாஸ்,” என்றார் அரபியில். முடிந்தது.

அன்றே ஏ.சி.க்கு அடியில் ஒரு வாளியை வைத்தார். புல் கருகியது. நிரம்பிய வாளியைத் தினமும் தூரக் கொண்டுபோய் மணலில் கவிழ்த்துவிட்டு, மணல் நீரை உறிஞ்சி முடிக்கும்வரை நின்று பார்ப்பார்.

பாலைவனத்தில் தண்ணீரை அத்தனை வெறுத்த மனிதரை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.